மேட்டு வீட்டுச் சம்பந்தியம்மாவுக்குக் கீழ்த்தெருவிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் கீழ்த்தெருவிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் சர்க்கரையும் பிரஷரும் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பின்னறையை எனக்காக ஒழித்துத் தருகிறேன், வந்து இருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனசு. ஆனால் நான் வருவதாக இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நம் பேத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அவளால் வந்ததுதான்.

போன மாதம் பேப்பரில் அவள் படத்தைப் போட்டு "பன்னாட்டுக் காலநிலைத் தகவமைப்புத் தலைவர்" என்று எழுதியிருந்தார்களே, நீங்களும் வெட்டி வைத்திருப்பீர்கள். மூக்கு உங்கள் வீட்டு மூக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு மந்திரியை முறைத்துக்கொண்டு நிற்கிறாளே, அது எங்கள் வீடு. அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்படியென்றால் என்ன வேலைடி என்று போனில் கேட்டேன். "பாட்டி, கடல் ஏறிக்கிட்டே வருது, மழை கொட்டினா ஒரேயடியா கொட்டுது, வெயில் ஆளைக் கொல்லுது. அது வந்து கழுத்தைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஜனங்களைத் தயார் பண்றது என் வேலை" என்றாள். "அப்போ அதை வரவிடாம தடுக்கிற வேலை?" என்றேன். "அது வேற டிபார்ட்மெண்ட் பாட்டி, அவங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க" என்றாள். சொன்ன குரலைப் பார்த்தால் அவர்கள் சரியாகப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

குடிநீர் வாரியத்தில் குழாய் அளக்கிற வேலையில் சேர்ந்த பெண் சம்பந்தியம்மா. சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருவாள், நான் திட்டுவேன். இன்றைக்கு ஏழெட்டு தேசத்து ஆட்கள் அவளைக் கேட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள். ஒரு ஊர் பெரியாஸ்பத்திரியில் கரண்டு போனால் ஓடுகிற மெஷினைத் தரைக்குக் கீழே பாதாள அறையில் வைத்திருந்தார்களாம். மொட்டைமாடிக்குத் தூக்குங்கள் என்று இவள் சொல்ல, பெரிய டாக்டர் பிடிகொடுக்கவில்லையாம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த மீட்டிங்கை அந்தப் பாதாளத்திலேயே நாற்காலி போட்டு வைத்தாள். அதுதான் அவள் பாணி, யாரையும் ஏசி ரூமில் உட்காரவைத்துப் பேசமாட்டாள். எல்லோரும் கழுத்தைத் தூக்கிச் சுவரில் போன வெள்ளத்தின் கறை எங்கே நிற்கிறது என்று பார்த்தார்களாம். தலைக்கு மேலே நின்றதாம். மெஷின் மாடிக்குப் போயிற்று. அடுத்த மழைக்கு ஊரே இருட்டு, ஆஸ்பத்திரியில் மட்டும் விளக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குறைமாதக் குழந்தைகள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தனவாம். அதுகளுக்கு இவள் யாரென்றே தெரியாது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மேல் சிலிர்த்தபடியே இருக்கிறது. அவ வேலை ஒழுங்கா நடந்தா ஒண்ணுமே நடக்காது பாருங்க. ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குறவ உலகத்துலயே நம்ம பேத்திதான்.

இப்படிப்பட்டவ பாட்டி தெருவுல வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா சொல்லுங்க. இந்த வருஷம் கடல் ரெண்டு மூணு தடவை எங்க வாசப்படி ஏறி எட்டிப் பாத்துட்டுப் போச்சு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா துணியெல்லாம் உப்பாயிடுச்சுன்னு அழுதா. நான்தான், "அழாதடி, என் பேத்தி வந்து கடலுக்குக் குறுக்க ஒரு சுவரை இழுத்துடுவா"ன்னேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனா சொல்லச் சொல்ல சுவர் வளர்ந்துக்கிட்டே போச்சு. காலையில இடுப்பளவு இருந்தது சாயங்காலம் ரெண்டாள் உயரம் ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர், அவரு அது மேல பஸ் போகுமாம்மான்னு கேட்டாரு, ஒத்தையா போகும், எதிர்ல வந்தா ஒதுங்க முடியாதுன்னேன். தையல்காரம்மா நம்பிப் புது மெஷின் வாங்கிட்டா. டிரைவர் தரைக்கு டைல்ஸ் போட்டுட்டாரு. அப்பத்தான் நான் சுவரை வளர்க்கிறதை நிறுத்தினேன்.

பேத்தியும் எங்க தெருவை நேர்ல பாக்க வந்தா. கூட வந்த வெள்ளைக்காரர் வெயில்ல தக்காளி மாதிரி சிவந்து போயிருந்தாரு. தெருவுல வீடு வீடா ஏறி இறங்கினா, கடைசியா நம்ம வீட்டுக்கு வந்து செம்பு நிறையத் தண்ணி குடிச்சுட்டு, சுவத்துல உள்ளங்கையை வெச்சுப் பாத்தா. கையில ஈரமும் உப்பும் ஒட்டிச்சு. மறுநாள் பள்ளிக்கூட ஹால்ல கூட்டம். இருக்கறதுலயே நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்காந்தேன். தையல்காரம்மா எழுந்து, "சுவரு எப்போ ஆரம்பிக்கிறீங்க கண்ணு?"ன்னா. "என்ன சுவர்? யார் சொன்னா?"ன்னா இவ. தெருவே திரும்பி என்னைப் பாத்துச்சு. நான் ஃபேனைப் பாத்தேன்.

அவளுக்குப் புரிஞ்சுபோச்சு சம்பந்தியம்மா. பாட்டி மானத்தைக் காப்பாத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாரு கேக்கப் போறாங்க? அவ மைக்கைக் கீழ வெச்சுட்டு முன்னால வந்து நின்னா. "சுவர் கட்டலாம். கொஞ்ச வருஷம் நிக்கும். அதை நம்பி நீங்க இன்னும் சாமான் வாங்குவீங்க, வீட்டை இழுத்துக் கட்டுவீங்க. அப்புறம் ஒருநாள் கடல் அதைத் தாண்டும், அன்னைக்கு ஓட நேரம் இருக்காது. இப்போ நேரம் இருக்கு. மேட்டுக்குப் போயிடலாம், வீடு தர்றதுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு"ன்னா. டிரைவர்தான் கோவமா, "உன் பாட்டி வீடா இருந்தா இப்படிப் பேசுவியாம்மா?"ன்னாரு. "பாட்டி வீட்டுலேர்ந்துதான் மாமா ஆரம்பிக்கணும். முதல்ல முங்கப்போறது அதுதான்"னா. எனக்கு அழுகையா, ஆத்திரமா, பெருமையா ஒண்ணும் புரியல. கை மட்டும் தானா தட்ட ஆரம்பிச்சிடுச்சு. அத்தனை பெரிய ஹால்ல நான் ஒருத்தி மட்டும் தட்டிக்கிட்டு இருந்தேன்.

அதோட விட்டாளா? முன்னாடி வேற தேசத்துல இப்படி ஜனங்களைக் கொண்டுபோய்ப் பளபளன்னு வீடு கொடுத்தாங்களாம். முன்பின் தெரியாத ஆளுங்க பக்கத்துல இருக்கப் பிடிக்காம பாதிப்பேர் கரைக்கே திரும்பிட்டாங்களாம். அதனால இவ அந்த ஹால்லயே ஒவ்வொரு வீட்டுக்காரங்ககிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டா, "மேட்டுல அவசரம்னா யாரு வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" அவங்க பக்கத்துலயே வீடு, கட்டி முடியிற வரைக்கும் அவங்களோட இருக்கணும். தையல்காரம்மா தங்கச்சின்னா. டிரைவர் பழைய கண்டக்டர்னாரு. என் முறை வந்தது. எனக்கு யாரும் இல்லேன்னேன். "ஏன், உங்க சம்பந்தி அங்கதானே இருக்காங்க?"ன்னு மைக்கை எடுத்துக் கேட்டா பாருங்க. அதுவரைக்கும் எழவு வீடு மாதிரி இருந்த தெரு அப்படிச் சிரிச்சது.

நீங்களே சொல்லுங்கள், சம்பந்தி வீட்டில் போய்ப் படுக்கிறவளை நாலு பேர் என்ன சொல்வார்கள்? தவிர, நீங்கள் டிவி வைக்கிற சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கிறது. ஃபேனை ஒன்றுக்கு மேல் வைக்கமாட்டீர்கள். கல்யாணத்தன்று எங்கள் பக்கத்தாரை "சத்தமான மனுசங்க" என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, இது என் வீடு. தண்ணீர் வந்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்வேன், அதற்கும் மேலே வந்தால் பரண் இருக்கிறது. இதை அவளிடமே சொல்லிவிட்டேன். அவ சண்டை போடல. கீழ உக்காந்து என் முழங்காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே, "எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு கிழவி இருக்கா பாட்டி. அவ அசையலேன்னா தெருவே அசையாது. இங்க அது நீதான்னு எனக்குத் தெரியாமப் போச்சு. எங்கயோ மழைன்னு செய்தி வந்தா மத்தவங்க மேப்பைப் பாப்பாங்க, நான் இந்தத் தெரு நனையுதான்னு பாப்பேன்"னா. உலகத்துக்கே யோசனை சொல்றவ என் மடியில தலையைச் சாச்சுக்கிட்டா. ஆனாலும் நான் அசையவில்லை.

ஆகவே தங்கள் அன்பான அழைப்பை மறுத்து இக்கடிதத்தை முடிக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டலாம் என்று வாசலுக்கு வந்தால் தையல்காரம்மா புது மெஷினைக் கோணி போட்டுக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னடி என்றேன். "நீங்க எப்பக்கா கிளம்புறீங்க? நீங்க போனா நாங்களும் போறோம், இல்லேன்னா பிரிச்சு மறுபடி மாட்டிடறேன்"னா. பின்னால் டிரைவர், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. எல்லார் கண்ணும் என் வாயில். வெள்ளிக்கிழமை என்று வந்துவிட்டது சம்பந்தியம்மா, என்னைக் கேட்காமலே வந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் திருப்பி எழுத வேறு தாள் இல்லை, ஆகையால் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். பின்னறை போதாது, தையல்காரம்மா தங்கச்சி வீட்டு வாசல் குறுகல், மெஷின் நுழையாதாம், உங்கள் முன்னறையையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பேத்திக்கு வியாழக்கிழமை ப்ளேன், ஏதோ ஒரு மந்திரி காத்திருக்கிறாராம். காத்திருக்கட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டாள். லாரியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.