பதினெட்டு மீட்டர் மேற்படி

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தை விசாரித்தால் அக்கா மறுபடியும் சுவரின் புகைப்படத்தை அனுப்புவாள். ஆகவே விசாரிக்கவில்லை.

ஹாலில் ஆரம்பித்த விரிசல் படுக்கையறைக்குள் போய்விட்டதாமே. பாப்பாவைச் சமையலறையில் தூங்க வைக்கிறீர்களாமே. குவாரியில் வெடி வைத்தாலும் வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அறிக்கை எழுதியவன் நான். வியாழக்கிழமை விசாரணையில் குவாரியை நிறுத்துவதா என்று முடிவாகும். குவாரிக்காரர் கையில் இருப்பது என் அறிக்கை ஒன்றுதான்.

நடந்ததை உங்களிடமாவது சொல்கிறேன். வெடியின் அதிர்வு அலையாகப் பாறைக்குள் ஓடும். அடுக்கு மாறும் இடமெல்லாம் கொஞ்சம் திரும்பிப் போகும். பொடிந்த பாறை என்றால் மிச்சத்தையும் உரசி உரசிச் சூடாக்கித் தின்றுவிடும். கெட்டிப் பாறை தின்னாது. வாங்கியதை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடும். ஆக, பொடிந்த பாறை எவ்வளவு தடிமன் என்பதுதான் மொத்தக் கணக்கும். அதை அறியப் பாறையில் துளை போடுகிறவர் மீட்டருக்கு ஒரு வரி எழுதவேண்டும். முதல் மீட்டரில் 'மண்' என்றும், இரண்டாவதில் 'பொடிந்த பாறை' என்றும் எழுதியவர், அதன்பின் பதினெட்டு வரை வரிக்கு வரி 'மேற்படி' என்று எழுதியிருந்தார். நான் அதை நம்பிக் கணக்குப் போட்டேன். அழகான கணக்கு. உங்கள் சுவர் விரிசல் விட்ட பிறகு அவரைத் தேடிப் போனேன்.

"அண்ணே, பதினெட்டு மீட்டரும் ஒரே பாறையா?"

"யாரு சொன்னா? மூணுக்குக் கீழ எல்லாம் கல்லு. துளை போடுற பிட்டு ரெண்டு ஒடஞ்சுது."

"அப்ப ஏன் மேற்படி மேற்படின்னு எழுதுனீங்க?"

"சாப்பாட்டு நேரம் வந்துருச்சு தம்பி. துளையில எடுத்த கல்லைப் பெட்டியில வெச்சு அனுப்புனேனே, நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். படிச்சவரு."

பெட்டியை நான் திறக்கவில்லை. ஆணி அடித்திருந்தது.

அன்றே 'அறிக்கை தவறு' என்று எழுதிப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் மேசையைத் தாண்டும்போது அது 'ஐயம்' ஆனது. அடுத்த மேசையில் 'மேலும் ஆய்வுக்கு இடமுண்டு'. இயக்குநரிடமிருந்து திரும்பியபோது 'அறிக்கை நன்று. கோப்பை முடிக்கவும்.' எந்தப் பாறையும் இவ்வளவு சுத்தமாகத் தின்றதில்லை. என் கணக்கு முறை சரிதான் என்பது அன்று உறுதியானது. இடத்தைத்தான் தவறாகத் தேர்ந்திருக்கிறேன்.

பிரிவுத் தலைவர் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, வேலை நிரந்தரம் ஆகப் போற நேரத்துல எவனாவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவானா?"

"மண்ணில்ல சார். கல்லு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அக்காவோடு பேசத் தைரியமில்லை. போன தடவை, "வெடி போடுற நேரமாப் பாத்து வந்து இந்தக் கட்டில்ல படுடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை நானே எழுந்து நின்று சொல்வேன். எந்த மேசையும் வேண்டாம். வேலை போனால் போகட்டும். அக்காவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். அக்காவுக்கு, ஏற்றுக்கொண்டால், அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று வெள்ளி. நேற்று விசாரணையில், "அறிக்கையில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று அவர்கள் கேட்டதும், "இல்லை" என்று நான் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்த உங்களுக்குக் கேட்டிருக்கும். வெளியே வந்து, "விடு மாப்ள, உன் கணக்குல அப்படித்தான் வந்துச்சுன்னா நீ என்ன பண்ணுவ" என்று தோளைத் தட்டினீர்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இதை அனுப்புகிறேன். வேறு வீடு பாருங்கள். ஆனால் மேலே உள்ள எதையும் அக்காவிடம் சொல்லவேண்டாம். தெரியாமல் தப்பு செய்த ஒரு முட்டாள் தம்பி அவளுக்கு இருக்கட்டும். அவனையாவது மன்னிப்பாள்.