குகநேசன் கூட்டிய வேகம்

"குளிருதுங்க சார். இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

ஜீவராணி கைகளைத் தேய்த்துக்கொண்டு இப்படிக் கேட்டதில்தான் வினை ஆரம்பித்தது.

மலையகத்து லிந்துலையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பாடம் முடிந்தால் அவருக்குப் பேச ஓர் ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் டீச்சர் ஜீவராணி, பிள்ளைகளின் நிறை விவரத்தைப் பிளொப்பியில் கொண்டுவருவாள். அவர் எழுதிய புரோகிராம் அதை வரைபடமாக்க அரை மணி எடுக்கும். அந்த அரை மணிக்காகத்தான் அவர் வாரம் முழுவதையும் தள்ளினார்.

தாமதத்துக்குக் காரணம், புரோகிராமை ஓட்டும் இன்டர்பிரெட்டர். அதை அவரே மூலக் குறியீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் கட்டியிருந்தார். கட்டும்போது 'வேகம் வேண்டும்' என்று நாமாகச் சொல்லாவிட்டால் அது மந்தமாகத்தான் வரும். குகநேசனும் அப்படித்தான், யாராவது கேட்காமல் வாய் திறக்கமாட்டார்.

பாவம், குளிர்கிறதே என்று வேகத்தைக் கூட்டி மறுபடி கட்டினார். அடுத்த வெள்ளி, இரண்டே நிமிடம்.

"இனி நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை!" என்றார் பெருமையாக.

"அப்போ... போயிட்டு வரேங்க சார்."

போயே விட்டாள். போட்டுவைத்த இரண்டு கோப்பைத் தேநீரையும் அவரே குடித்தார். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அப்போதுதான் விளங்கியது. வேகத்தை எடுத்துவிட்டுப் பழையபடி கட்டினார்.

"என்னங்க சார், மறுபடி மெதுவாகிருச்சு? நான் ஏதும் கெடுத்துட்டேனா?"

"இல்லை இல்லை. மெஷினுக்கும் குளிர், பாருங்கோ."

பயந்துபோனவள் அரை மணியும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச அரை மணி போதவில்லை என்று நினைத்தார் மனிதர். புரோகிராமில் பிழை தேடுகிறவர்கள் மட்டும் பயன்படுத்தும் ஆமை வேக அமைப்பில் கட்டிவைத்தார். அடுத்த வெள்ளி, ஒரு மணி கழிந்தும் வரைபடம் வரவில்லை. கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. ஜீவராணி குடையைக்கூட மறந்து ஓடினாள்.

அதற்கடுத்த வெள்ளி அவள் வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் பியோன் அழகன்தான் வந்தான்.

"வாங்கோ, பிளொப்பியைத் தாங்கோ! திரும்ப வேகத்தைக் கூட்டிட்டன், இப்ப கெதியா ஓடும்."

"பிளொப்பியெல்லாம் இல்லீங்க. டீச்சரு கொடைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"அப்ப வரைபடம்?"

அழகன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"உங்க புரோகிராம டீச்சரு ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சிருக்காங்களே, அது ரெண்டு நிமிசத்துல குடுத்துருதுங்க. எப்பவும் அந்த வரைபடத்த எடுத்துப் பையில வச்சுக்கிட்டுத்தானே சார், இங்க வருவாங்க?"