நடவு வயலில் மேஸ்திரி

வாடிப்பட்டி,
12-7-1981

அன்புள்ள மாப்பிள்ளை பேயாண்டிக்கு,

உன் மச்சான் காசிமாயன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா செல்லத்தாயும் நானும் சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும் குழந்தையும் சுகமாக இருக்க அழகர் துணை நிற்பார். நான் ஓய்வுபெற்ற இடத்தில் மில்லில் உன்னை மேஸ்திரியாகப் போட்டதாக எழுதியிருந்தாய், உன் அக்கா தெருவுக்கே கற்கண்டு கொடுத்தாள். ஆட்களை நடத்தும் தலைமைப் பழக்கம் வர தினமும் என்ன பயிற்சி செய்ய வேண்டும், மெட்ராஸ் ஆபீசர் மில்லுக்கு வந்து எடுத்த வகுப்பில் நீங்கள் எழுதிய நோட்டை அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தாய். அந்த நோட்டால் நான் பட்ட பாட்டை முதலில் கேள்.

உன் அக்காவின் பங்கு வயலை இந்த வருஷம் நானே பயிர்செய்கிறேன் என்று வீம்பாக வாங்கிக்கொண்டேன் அல்லவா? இருபத்தெட்டு வருஷம் ஆள் மேய்த்தவனுக்கு நடவு ஒரு வேலையா என்று இருந்துவிட்டேன். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. நடவுக் கூட்டத்துக்குத் தலைவி அன்னக்கொடி, அவளோடு பதினெட்டுப் பெண்கள், மூன்றே நாள்தான் வருவோம் என்றுவிட்டார்கள். அதற்குள் முடியாவிட்டால் வயல் தரிசு, உன் அக்கா முகத்தில் நான் விழிக்க முடியாது. நோட்டின்படி தினம் ஒரு பழக்கம் என்று ஆரம்பித்தேன். முதல் நாள், பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கொரு நல்ல வார்த்தை. ரிஜிஸ்டர் போட்டு, வரப்பில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பாராட்டி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள், தலைவன் முன்னால் நிற்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி நடுவயலில் இறங்கி, எல்லோரும் என்னை நோக்கி வாருங்கள் என்றேன். வந்தார்கள் மாப்ள, ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். நடுகிறவர்கள் குனிந்தபடி பின்னால்தான் நகர்வார்கள் என்பது உனக்குத் தெரியும், மில் சங்கைக் கேட்டு வளர்ந்த எனக்கு யார் சொன்னது? அத்தனை முதுகும் என்னிடம் வந்து, இரண்டாகப் பிரிந்து, என்னைச் சுற்றி நாற்றை ஊன்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. "கால எடுத்துறாதீங்க மேஸ்திரியண்ணே, நாத்து மிதிபட்டுரும். அப்படியே நில்லுங்க" என்றாள் அன்னக்கொடி. பொழுது சாயும்வரை நின்றேன். ஒரு காக்கை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் நின்றதால்தான் அதைப் பார்த்தேன். அன்னக்கொடி நாளெல்லாம் ஒரு உத்தரவுகூடப் போடவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த தங்கப்பொண்ணு பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தன் வரிசையையும் நட்டு, கையை நீட்டி அவள் வரிசையிலும் நாலு நட்டுக்கொண்டே நகர்ந்தாள். அது தங்கப்பொண்ணுக்கே தெரியவில்லை. பிறகு எவள் கை தளர்ந்ததோ அவள் பக்கத்தில் இருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒருவர் பக்கத்திலும் போய் நின்றதில்லை, கத்தியிருக்கிறேன். நீ உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டபோதுகூட, "மிஷின் காத்திருக்குமா மாப்ள?" என்று ஒரு நாள்தான் கொடுத்தேன். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று சாயங்காலம் அவளைக் கேட்டேன். "படிக்கிறதா? மொத வருசம் நானும் உங்கள மாதிரி கத்திக்கிட்டுத்தாண்ணே திரிஞ்சேன். ஒரு நாளைக்கு ஒரு தடவயாச்சும் வாய மூடிப் பழகுவோம்னு ஆரம்பிச்சேன். அம்புட்டுத்தான்" என்றாள்.

மூன்றாம் நாள் என்னைக் கட்டுக் கட்டாக நாற்றுமுடி தூக்கிக் கொடுக்கச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு தூக்கினேன். "இங்கிட்டு ஒரு முடிண்ணே" என்று கேட்ட குரல்களிலேயே அத்தனை பெயரும் மனப்பாடமாகிவிட்டன. பொழுது விழுவதற்குள் வயல் முழுக்கப் பச்சை. உன் அக்கா வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் நோட்டு உனக்கு வேண்டாம் மாப்ள. தினம் ஒரு தடவை வாயை மூடு, தளர்ந்தவன் பக்கத்தில் போய் நில், லீவு கேட்டால் கொடு. மற்றதைப் புதன்கிழமை குழந்தை காதுகுத்தில் நேரில் பேசுவோம், முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவேன். குழந்தைக்கு என் முத்தம். குடும்பம் ஆலாய்த் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
காசிமாயன்

பி.கு. (மறுநாள்): புதன்கிழமை வர முடியாது. அடுத்த வயலுக்கும் நானே முடி தூக்க வேண்டும் என்று அன்னக்கொடி சொன்னாள், பெருமையாக இருந்தது, சரி என்றுவிட்டேன். மச்சினன் வீட்டு விசேஷம், ஒரு நாள் லீவு வேண்டும் என்று இன்று காலை தலையைச் சொறிந்துகொண்டு கேட்டேன். "நாத்து காத்திருக்குமாண்ணே?" என்றாள். அன்றைக்கு நீ என் முன்னால் நின்ற மாதிரியே நின்றேன்.