மாப்பிள்ளை சுமக்க வேண்டிய பழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர்தான் நலமில்லை. மகளுக்கு என் ஆசிகள்; ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். போனில் பேசலாம் என்றால், நான் போனைக் கையில் எடுக்கும்போதே உங்கள் அத்தைக்குக் காது நீண்டுவிடுகிறது.

அத்தையின் எம்பிராய்டரி மெஷின் அந்தப் பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் தைக்கும், வேறு யார் சொன்னாலும் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளாகத் திரையில், “உங்கள் மென்பொருள் பதிப்புக்கு ஆதரவு முடிகிறது, புதியதற்கு மாறுகிறீர்களா?” என்று ஒரு கட்டம் வந்து நச்சரித்தது. “எத்தனை தடவை கேட்டாலும் ‘பிறகு’ன்னே அமுக்குங்க மாமா” என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் அப்படியேதான் அமுக்கி வந்தேன். போன திங்கட்கிழமை, சாப்பிட்ட களைப்பில் மவுஸைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் “சற்றுப் பொறுங்கள்” என்று ஒரு சக்கரம் சுற்றுகிறது. பொறுத்தேன். பொழுது சாயும்வரை பொறுத்தேன். கடைசியில் புதிய பதிப்பு பளபளவென்று வந்து உட்கார்ந்துகொண்டு, மெஷினைப் பார்த்து “இந்தச் சாதனத்தைத் தெரியவில்லை” என்றது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திவிட்டுப் பேசுகிற பேச்சா இது? உதவி எண்ணில் ஒரு பெண், “ரொம்பப் பழசு சார், அதுக்கெல்லாம் இனிமே சப்போர்ட் கிடையாது” என்றாள். அவள் கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள். ஆனாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா, எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமைக்குள் கால்பந்துக் குழுவுக்கு முதுகில் எண் தைத்த சட்டைகள் கொடுத்தாக வேண்டும். உங்கள் அத்தை எண்களைக் கையாலேயே தைக்க உட்கார்ந்துவிட்டாள். “யாரு அமுக்கினது?” என்றாள். “தானா மாறிடுச்சு” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து கேட்காமலே பாத்திரம் துலக்குகிறேன், துணி மடிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். இருந்தும் அவள் என் பக்கம் திரும்பினாலே துலக்க இன்னொரு பாத்திரம் தேடுகிறேன்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் போன் செய்து, “நான்தான் அத்தை இங்கேருந்தே மாத்தினேன், தப்பாப் போச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் வீட்டையே கொளுத்தினாலும், “குளிருதேன்னு கொளுத்தியிருப்பார்” என்பாள். நான் தீப்பெட்டியைத் தொட்டாலே தொலைந்தேன்.

நீங்களும் மகளும் நீடூழி வாழ்க; உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு என்றும் ஆதரவு குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதை எழுதுவது அத்தை. உங்கள் மாமா உறையை ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்தபடியே சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தார். ‘ஆம்’ என்று அமுக்கியது நான்தான். கட்டத்தின் தொல்லை தாங்கவில்லை. மவுஸ் அவர் கைக்குள் இருந்ததால் அவர் விரலோடு சேர்த்தே அமுக்கினேன், குறட்டைகூட நிற்கவில்லை. நேற்று அவர் கடைக்குப் போன நேரத்தில் ரிப்பேர்காரர் வந்து பழைய பதிப்பையே திரும்பப் போட்டுவிட்டார், சட்டைகளுக்குக் கவலையில்லை. நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டு தாராளமாகப் போன் செய்யுங்கள். ஆனால் அடுத்த வாரம் செய்யுங்கள். பரணை இன்னும் அவர் ஒழிக்கவில்லை.