ஜப்பான் பேயும் முந்தல் காணியும்

எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. இன்று இதை பிளேன்டீ குடித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. இருபத்திரண்டு வயதில் இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முழுநீள ஜப்பான் பேய்ப்படத்தைக் குடும்பம் முழுவதற்கும் வாயாலேயே மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பு பஸ்ஸிலிருந்து சோதனைக்கு இறங்கி ஏறுகிற சடங்கு ஒழிந்து, ஊரில் ஆளாளுக்கு வெளிநாட்டு ஆசை பிடித்திருந்தது. பள்ளிவாசல்துறையில் மீன் வியாபாரம் செய்த என் வாப்பா, மகனாவது மீன் நாற்றம் இல்லாமல் வாழட்டும் என்று என்னை நீர்கொழும்பில் ஒரு ஜப்பான் மொழி வகுப்பில் சேர்த்துவிட்டார். நான் வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லமாட்டேன். போனேன். ஆனால் வகுப்புக்கு எதிரே கரம் போர்ட் விளையாடுகிற இடம் ஒன்று இருந்தது, என்ன செய்ய? வகுப்பு முடிகிற காலத்தில் காலை வணக்கம், நன்றி, ஒன்று முதல் பத்து வரை, இவ்வளவுதான் என் ஜப்பான். (ஏழில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.) ஆனால் ஊருக்கு வந்தால், சலாம் சொன்னவருக்கும் இடுப்பை வளைத்துத்தான் பதில் சொல்வேன். வாப்பா அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். பள்ளிவாசலில் கேட்காதவர்களிடமும் "மகன் ஜப்பான் போப்போறார்" என்று சொல்லி வைத்திருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். சிலாபத்து ஆள், எல்லோரும் ஹாஜியார் என்றுதான் சொன்னார்கள். ஜப்பானில் பழைய வாகனங்கள் வாங்கி விற்கிற யார்ட் ஒன்று வைத்திருந்தார், அதற்கு மொழி தெரிந்த பையன் ஒருவன் தேவை. அவருக்கு என்னைப் பிடித்தால் என் ஜப்பான் பயணம் சரி. இது வாப்பாவுக்குத் தெரியும், ஹாஜியாருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. "மகனுக்கு நான் ஆர் எண்டு செல்லவாணாம், சும்மா கதைக்க விட்டுப் பாப்பம்" என்று அவர்தான் வாப்பாவிடம் கேட்டுக்கொண்டாராம். வாப்பா என்னிடம், "வெளிநாட்டில ஈந்து வந்த ஆள், மரியாதையா நடந்துகொள்" என்பதோடு நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத். அதற்கு வெளியே உலகம் கிடையாது. வந்தவரோ வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம். சவூதி என்றே முடிவு கட்டினேன்.

"உங்கட பக்கம் இப்ப வெயில் எப்படி ஹாஜியார்?" என்றேன்.

"குளிர் தொடங்கிட்டு மகன். விடிய எழும்பினா வாகனத்துக்கு மேல பனி."

(பாவம், ஐஸ் அறையில் வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். இந்த மூளையைத்தான் வாப்பா ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய நினைத்திருந்தார்.)

இனிப் படம். பாலாவிச் சந்தியில் டிவிடி கடை வைத்திருந்த என் மச்சான் ரிஸ்வி கொண்டுவந்தது. முதல் பாகத்தைத் தமிழில் குரல் கொடுத்து விட்டிருந்தார்கள், ஊரே பார்த்திருந்தது. அதில் பேய் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து வரும். அதைப் பார்த்த பிறகு வாப்பாவிடம் வேலை செய்தவர்கள் விடியற்காலை சுபஹு நேரத்தில் ஐஸ் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று நின்று, வாப்பாவே 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதன் இரண்டாம் பாகத்தையோ உலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. குரலும் கொடுக்கவில்லை, கீழே எழுத்தும் போடவில்லை. "விக்காது மச்சான், பெருநாள் காசா வெச்சுக்கொள்" என்று ரிஸ்வி அதை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

பகல் புரியாணி முடிந்து எல்லோரும் ஹோலில் உட்கார்ந்தோம். உம்மா, என் அக்காவான ராத்தா, வாப்பாவின் தங்கையான என் மாமி, வாப்பா, ஹாஜியார். படம் தொடங்கியது. திரையில் ஒருவன் ஜப்பானில் பொரிந்து தள்ளினான்.

"இதென்ன, ஒண்டும் விளங்குதில்லயே?" என்றார் மாமி.

வாப்பாவின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன? நம்மட வீட்டில ஆள் ஈக்கிதே!" என்று ஒரு கதிரையை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டார். "செல்லு மகன்!"

முதல் பாகமாக இருந்தால் தப்பியிருப்பேன். அலறலுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? ஆனால் இந்த இரண்டாம் பாகத்தில் பேய் லீவில் போயிருந்தது. கீழ்மாடி அறை ஒன்றில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவனும் கண்ணாடி போட்ட ஒருவனும் உட்கார்ந்து கதைத்தார்கள். கதைத்தார்கள், கதைத்தார்கள், எழும்பி நின்று மறுபடி கதைத்தார்கள். உலகம் ஏன் இந்தப் படத்தைக் கைவிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"ஆர் இவங்க?" என்றார் ராத்தா.

"கண்ணாடி போட்டவர் நானா. மத்தவர் அவர்ட தங்கச்சி மாப்பிள." (எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் நானா, கணவன் என்றால் மாப்பிள.)

"என்ன கதைக்கிறாங்க?"

"காணி" என்றேன்.

ஏன் காணி என்று சொன்னேனோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் வேறு கதை கிடையாது. வாப்பாவின் வாப்பா முந்தலில் ஒரு தென்னங்காணி விட்டுவிட்டு மௌத்தாகியிருந்தார். அதில் மாமிக்குச் சேரவேண்டிய பங்கை வாப்பா பிரித்துக் கொடுக்காமல் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். அது என் தலைக்குள் கிடந்தது, வாய்க்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் கண்ணாடிக்காரன் ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தான்.

"இந்தா, காணிப் படம்!" என்றேன் நான், எனக்கே ஆச்சரியமாக.

மாமி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "நம்மட முந்தல் காணி மாதிரியே மூலை வெட்டுப்பட்டீக்கி!"

திரையில் கண்ணாடிக்காரன் மேசையில் ஓங்கி அடித்தான்.

"என்ன செல்றான்?"

"தங்கச்சிட பங்கை எழுதித் தரமாட்டானாம்."

"பாவி!" என்று மாமி எழும்பினார். "ஜப்பான்லயும் இதே வேலயா?"

வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவசரமாகக் கதையைத் திருப்பினேன். "இல்ல மாமி, நானா செல்றார், கொடுக்கத்தான் ஈக்கிறாராம். ஆனா தென்னம்புள்ள வெச்சது அவர்தானாம், தண்ணி ஊத்தினதும் அவர்தானாம்."

"ஆர் தண்ணி ஊத்தின? என்ட மாப்பிள! வாளி தூக்கித் தூக்கி அந்த மனுசன்ட தோள் போச்சு!"

"படத்தைப் பாரு" என்றார் வாப்பா.

"படத்தைத்தான் பாக்கிறன்! உன்ட மூஞ்சிதான் தெரியிது!"

இந்த இடத்தில் பேய் வந்தது. சுவரில் இருந்த ஓட்டையிலிருந்து முதலில் ஒரு கை, பிறகு முடி, பிறகு முழு ஆள். ஒருவரும் பார்க்கவில்லை. உம்மா மாமியைப் பிடித்து இருத்த, ராத்தா வாப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க, பேய் தன் பாட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டை அடித்துக் கொன்றுவிட்டுப் போனது. ஹாஜியார் மட்டும் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், தோள் வேறு குலுங்கியது. இரக்கமுள்ள மனுசர், அழுகிறார் என்று நினைத்தேன்.

மாமியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "நீங்க செல்லுங்க ஹாஜியார்! பொது ஆள் நீங்க. அந்த நானா செல்றது ஞாயமா?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அதில நானாவும் இல்ல, மாப்பிளயும் இல்ல. ஒருத்தர் டொக்டர், மத்தவர் இன்ஜினியர். ஆஸ்பத்திரியில கக்கூஸ் குழாய் அடைபட்டீக்கி. அதை எந்தப் பக்கத்தால உடைக்கிற எண்டுதான் இவ்வளவு நேரமும் கதைக்கிறாங்க. நான் கலியாணம் முடிச்ச காலத்திலேந்து ஜப்பான்லதான் ஈக்கிறன்."

ஹாஜியார் என் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, ஜப்பானில் ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பெயரைக் கேட்டாரோ, சாப்பிட்டாயா என்று கேட்டாரோ, இன்றுவரை தெரியாது. நான் எழும்பி நின்று, இடுப்பை நன்றாக வளைத்து, "ஒஹாயோ கொசாய்மஸ்" என்றேன். காலை வணக்கம். பள்ளியில் பின்நேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது.

வாப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்தக் காணிப் படம்?" என்று மட்டும் கேட்டார்.

"குழாய்ப் படம், வாப்பா."

"அது கிடக்கட்டும்" என்றார் மாமி. "ஜப்பான்காரன் செல்லல்ல எண்டா, அந்தக் கதையெல்லாம் செல்லினது இந்தப் புள்ளதான். உன்ட புள்ளைக்கே உன்ட அநியாயம் தெரிஞ்சீக்கி, நானா!"

ஹாஜியார் போகும்போது வாசலில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட மகன்ட ஜப்பான் எனக்கு உதவாது. அவர் செல்லின காணி விசயத்தை மட்டும் முடிச்சிருங்க."

அன்றைக்கு நான் ஐஸ் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், சும்மா சொல்லக்கூடாது. ஜப்பான் கைவிட்டுப் போனதற்கு அல்ல. நாளைக்கு வாப்பா பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோடு போவார் என்று நினைத்துத்தான் அழுதேன். அடுத்த நோன்பு வருவதற்கு முன்னால், அந்த வெட்கத்திலேயே, அவர் மாமியின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் என் ஜப்பான் மொழியைப் புகழ்கிற ஒரே ஆள் இன்றுவரை மாமிதான். மற்றவர்களுக்கு, யாராவது புளுகினால், "இவன் ஜப்பான்ல செல்றான்" என்று சொன்னால் போதும், வீடே சிரிக்கும்.

ஜப்பான் வேலை வேறு யாருக்கோ போய், நான் மீன் வியாபாரத்துக்கே வந்துசேர்ந்தேன். லொறிக்காரர்களோடு கதைத்துக் கதைத்துச் சிங்களம் மட்டும் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. போன வருடம் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் நல்ல மனுசன், ஆனால் தமிழ் தெரியாது. (இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்குத் தங்கள் உடம்பில் என்ன வருத்தம் என்று அறியவே ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் அதை மட்டும் ஒருவரும் முடித்துவைக்கவில்லை.) அவர் நெடுநேரம் விளக்கினார். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"உம்மா, சீனி கூடிட்டாம். இனிப்பு தொடவே கூடாதாம். வட்டிலப்பத்தை இனி மறந்திருங்க எண்டு செல்றார்."

உம்மா டொக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த மனுசன் வட்டிலப்பம் எண்டு ஒரு சொல் செல்லல்ல. உன்ட ஜப்பான் வேலய இஞ்ச காட்டாத, எழும்பு போவம்."

டொக்டர் பேனையை மூடிவிட்டு, அம்மா என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

"எல்லாம் விளங்கிட்டாம்" என்றேன்.