ணங்கு அண்ணன் தட்டிய மலை

விருத்தாசலத்தில் ணங்கு அண்ணன் விரலால் தட்டிப் பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது இன்னும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். தர்பூசணியைத் தட்டுவார், சரி. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டினாராம். ஒருமுறை டாக்டர் இவர் நெஞ்சைத் தட்டிப் பார்க்க, பதிலுக்கு டாக்டர் நெஞ்சைத் தட்டி, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன்.

எல்லாம் தொழில் புத்தி. எங்கள் செராமிக் பட்டறையில் சூளையிலிருந்து இறங்கும் கப்புகளைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. 'ணங்'கென்றால் நல்ல கப்பு. 'பொத்'தென்றால் உள்ளே விரிசல். பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவன் நான்.

போன வருஷம் அவர் நல்லது என்று எடுத்துவைத்த கப்புகள் ஒழுக ஆரம்பித்தன. ஒரு கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"மண்ணு சரியில்லீங்க. இப்பல்லாம் எந்தக் கப்பும் வாயத் தொறக்க மாட்டேங்குது, குத்துமதிப்பாத்தான் எடுக்க வேண்டியிருக்குது" என்றார் அண்ணன்.

"இன்னொரு பெட்டி திரும்பி வந்துச்சுன்னா வேற ஆளதான் பாக்கணும்" என்றுவிட்டார் முதலாளி. அன்றைக்கு அண்ணன் டீ குடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கல்வராயன் மலைக்குப் போலாம், கெளம்பு."

"ஊட்டின்னாலும் பரவால்ல. அங்க என்னண்ணே இருக்குது?"

"'அசலம்'னு நம்ம ஊரு பேருலதான் மலை இருக்குது, ஊருல ஒரு மேடு கெடையாது. அங்க ஒரு கல்லு இருக்குதாம்டா. தட்டுனா கோயில் மணி கணக்கா அடிக்குதுன்னு லாரிக்காரரு சொன்னாரு."

கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்தோம். பஸ்ஸில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, ரெண்டு தட்டினால் போலாம் ரைட். இது அண்ணன் கைக்குத் தெரியுமா? ஒரே கொண்டை ஊசி வளைவில் டிரைவர் மூன்று தடவை பிரேக் போட்டார். "யாருய்யா அது தட்டுறது?" என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திமிரு என்று நினைத்தேன்.

இறங்கி மரவள்ளிக் காடுகள் வழியாக மூச்சு வாங்க ஏறினோம். போர்டு இல்லை, டிக்கெட் இல்லை, படம் எடுக்கிற கூட்டமும் இல்லை. மாடு மேய்த்த ஒரு அம்மாதான் கூட்டிப்போய்க் காட்டினார். பலகை பலகையாகக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடி, சின்ன வீடு மாதிரி இருந்தது.

"குள்ளன் வூடுங்க. செத்தவங்களுக்காக அந்தக் காலத்துல கட்டுனதாம். யாரு கட்டுனாங்களோ, தெரியாது" என்றவர், ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கொடுத்தார். "இதால தட்டுங்க. கை வலிக்கும்."

அண்ணன் மூடுகல்லில் தட்டினார்.

ணங்!

எதிர்ச்சரிவு வரை போய்த் திரும்பி வந்தது சத்தம். மாடுகள் தலையைத் தூக்கின. எனக்குப் புல்லரித்துவிட்டது. அண்ணன் மறுபடி தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, என் உதட்டையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"சத்தம் வருதாடா?"

அடப்பாவி மனுஷா, இதற்கா இத்தனை தூரம் வந்தாய்! பழுது மண்ணிலா, தன் காதிலா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். 'இல்லண்ணே, பொத்துன்னுதான் இருக்குது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இறங்குவார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் விரிசலை விரிசல் என்றே சொன்ன ஆளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"வருதுண்ணே. நல்லா வருது."

அண்ணன் கூழாங்கல்லை என் கையில் கொடுத்தார். "அப்ப மண்ணு மேல தப்பில்ல" என்றார். பிறகு குனிந்து கல்லின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "நீ அடி" என்றார். அடித்தேன். கண்ணை மூடியவர் சட்டென்று சிரித்தார்.

"டேய், கன்னத்துக்குக் கேக்குதுடா!"

திங்கட்கிழமை அவரே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது பெட்டி கட்டுவது அவர், தட்டுவது நான். சந்தேகமான கப்பு வந்தால் அவர் கன்னத்தில் வைத்துத் தட்டுவேன். கண்ணை மூடினால் நல்ல கப்பு.

சந்தேகமே இல்லாத கப்பையும் அடிக்கடி கொண்டுபோய் வைக்கிறேன்.