தூங்கவிடாமல் நான் காத்த பலகை

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உடைக்கும் மில் கட்டினேன். தண்ணீரே கிடையாது என்ற நிலத்தில் கிணறு வெட்டினேன். மாடி வீடு எழுப்பும்போது மேஸ்திரிக்கே அளவு சொன்னேன். இத்தனையும் செய்தவன், ஒரு பட்டனை அமுக்கி மகள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். (நான் மறைத்தாலும் என் சம்சாரம் விடமாட்டாள்.)

மகள் செல்வி சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரின் மூளை சும்மா இருக்கும்போது அதைத் தூங்கவைத்து, வேலை வந்ததும் எழுப்பும் புரோகிராம் எழுதுவது அவள் பொறுப்பு. (தூங்கவைக்கவா இன்ஜினியருக்குப் படிக்கவச்சேன்?) அன்று மேலதிகாரி பார்த்துத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம்.

சாப்பாட்டு மேசையில் பச்சைப் பலகை, அவள் புரோகிராமைச் சோதிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். அதில் ஒரு விளக்கு, எழுப்ப ஒரு பட்டன்.

"அப்பா, விளக்கு அணைஞ்சா அது தூங்குதுன்னு அர்த்தம். நான் குளிச்சிட்டு வர்றேன். யாரும் தொடாம பாத்துக்கங்க."

விளக்கு அணைந்தது. என் மில்லில் எவன் கண் சொருகினாலும் தோளில் தட்டிவிடுவேன். பழகின கை சும்மா இருக்குமா? பட்டனை அமுக்கினேன். எழுந்தது. மறுபடி தூங்கியது. என்கிட்டயேவா? கண் மூடப்போகிற நொடி பார்த்துப் பார்த்து அமுக்கினேன்.

ஒரு தடவை அணைந்தது, அப்புறம் எழவேயில்லை. அமுக்கினேன், ஊதினேன், கும்பிட்டேன்.

ஈரத்தலையோடு ஓடிவந்தாள் செல்வி. "இன்னாப்பா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"பொய்யி! அப்பத்திலேர்ந்து அமுக்கிக்கினே இருந்தாரு" என்றாள் சம்சாரம், சமையலறையிலிருந்து.

அதற்குள் லேப்டாப்பில் மேலதிகாரியின் முகம் வந்துவிட்டது. செல்வி பலகையைத் தூக்கிக் காட்டினாள். "சார், எங்க அப்பா பட்டனை அமுக்கிட்டாரு. மாட்டிக்கிச்சு."

"எப்போ அமுக்கினாரு?"

"விளக்கு அணையப் போற நேரம் பார்த்துங்க" என்றேன் நான்.

உடனே இருவரும் புரோகிராமின் வரிகளைப் புரட்டினார்கள்.

"வேலை இருக்குதான்னு பார்க்குது, இல்லன்னு தெரிஞ்சதும் தூங்கப் போவுது. அந்த இடுக்குல கூப்பிட்டா அதுக்குக் காதுல விழல சார்!" என்று கத்தினாள் செல்வி.

கம்பெனியில் இதே புரோகிராம் ஓடும் மெஷின்கள் யாருக்கும் காரணம் தெரியாமல் அவ்வப்போது உறைந்துபோனது அதனால்தானாம். அந்த இடுக்கை அவள் அடைத்தாள், வேலையும் நிரந்தரமானது.

இன்றும் நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நொடி பார்த்து, "எழுந்துக்கறாரா பாரு" என்று சம்சாரம் என் மூக்கை அமுக்குகிறாள். அது போகட்டும். கோளாறைக் கண்டுபிடித்தது யார் என்று எழுத புரோகிராமில் ஒரு வரி உண்டாம். 'சோதனையில் தெரியவந்தது' என்று எழுதிவைத்திருக்கிறாள் செல்வி. அந்தச் சோதனை நான்தான். என் பெயரை இனிஷியலோடு போடச் சொல்லுங்கள்.